வாரிசு கேட்கும் கணக்கு

பெர்லின் நகரத்துக் கிழக்குப் பகுதியிலே ஒரு பழைய தெரு. 1991-ம் ஆண்டு. பெர்லின் சுவர் இடிபட்டு இரண்டு ஆண்டுகளே ஆகியிருக்கின்றன. காரை பெயர்ந்த வீடுகள், கரி படிந்த சன்னல்கள், ஆள் நடமாட்டம் அடங்கிய இரவு. அந்த இருட்டிலே, வெறுஞ்சுவரொன்றின் மீது ஒளி பாய்கிறது! பாய்ந்த ஒளியிலே ஒரு புத்தகக் கடை தெரிகிறது. கதவு தெரிகிறது. எபிரேய எழுத்திலே பலகை தெரிகிறது. வாசலிலே மனிதர் தெரிகிறார். அந்தக் கடை அங்கே இல்லை. அந்த மனிதரும் இல்லை. 1930-ம் ஆண்டின் நிழற்படம், அறுபது ஆண்டு கழித்து, தான் பிறந்த தெருவுக்கே திரும்பி வந்து நிற்கிறது!

ஒளியைப் பாய்ச்சியவர் ஷிமோன் அட்டி என்ற கலைஞர். அமெரிக்காவிலே, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே, 1957-ல் பிறந்த யூதர். அவர் நின்ற பேட்டை, போலந்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த ஏழை யூதர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த பேட்டை. ஹிட்லரின் ஆட்சி அவர்களைத் துடைத்தெடுத்தது. அட்டி, ஆவணக் காப்பகங்களிலே புகுந்து பழைய படங்களைத் தேடியெடுத்தார். அந்தப் படம் எந்த வீட்டு வாசலில் எடுக்கப்பட்டதோ அந்த வீட்டுச் சுவரிலேயே, வீடு போயிருந்தால் பக்கத்து வீட்டுச் சுவரிலே, இரவு வேளையில் விழச்செய்தார். "சுவரிலே எழுதிய எழுத்து" என்று அந்தப் பணிக்குப் பெயரிட்டார்.

அவர் மேடை போட்டுப் பேசவில்லை. முழக்கம் எழுப்பவில்லை. யார் மீதும் வழக்குத் தொடுக்கவில்லை. படம் காட்டினார், அவ்வளவுதான். ஆனால் பாருங்கள் தோழர்களே, கேள்வி கேட்காமலே ஊர் பதில் சொல்லத் தொடங்கிவிட்டது! ஒரு வீட்டுக்காரர் ஓடி வந்தார்; இந்த வீட்டை என் தகப்பனார் 1938-ம் ஆண்டு ஒரு யூதரிடமிருந்து முறையாக விலை கொடுத்து வாங்கினார் என்று கூவினார். விற்றவர் என்ன ஆனார் என்று அட்டி கேட்க, அவர் நியூயார்க் போய்ப் பெரும் பணக்காரராகிவிட்டார் என்று பதில் வந்ததாம். 1938! யூதர் ஆலயங்கள் தீக்கிரையான ஆண்டு. யூதர் கடைகளின் கண்ணாடியெல்லாம் வீதியிலே நொறுங்கிக் கிடந்த ஆண்டு. உயிரைக் கையிலே பிடித்துக்கொண்டு ஓடியவர்கள், கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு ஓடிய ஆண்டு. அந்த ஆண்டிலே 'முறையான' வியாபாரம்! யாரும் கேட்காத கணக்கை அவரே ஒப்பித்தார். இன்னொருவர் காவல்துறையையே அழைத்தார். புகார் என்ன தெரியுமா? தம் வீட்டுச் சுவரிலே யூதர் எழுத்து தெரிந்தால், அக்கம்பக்கத்தார் தம்மையும் யூதர் என்று எண்ணிவிடுவார்களாம்!

அதே பெர்லினிலே, பேபல் சதுக்கத்திலே, தரையோடு தரையாக ஒரு கண்ணாடி பதித்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் கீழே வெள்ளை அறை. நாற்புறமும் வெள்ளை அலமாரிகள். ஏறத்தாழ 20,000 புத்தகங்கள் அடுக்கலாம். ஒரு புத்தகம் கூடக் கிடையாது. 1933 மே 10 இரவு, பல்கலைக்கழகத்து மாணவர்களே புத்தகங்களை வாரிக்கொண்டு வந்து கொளுத்திய இடம் அது. 1995-ல் அந்த வெற்று நூலகத்தை அமைத்தவர் மிக்கா உல்மன். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933-லேயே ஜெர்மனியைவிட்டுப் புறப்பட்ட யூதப் பெற்றோரின் மகன். பெற்றோர் விட்டு ஓடிய நாட்டுக்கு மகன் வந்து, அதன் தலைநகரத்து நடுச்சதுக்கத்திலே பள்ளம் தோண்டி, இங்கே என்ன இருந்தது என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

முன்னோர் சொத்து என்றால் நிலமும் நகையும் மட்டும்தானா? பாட்டன் பட்ட அவமானமும் சொத்துதான். பாட்டி பாடிய தாலாட்டும் சொத்துதான். பூசையறைப் புத்தகத்திலே உள்ள நல்லதும் சொத்து, கெட்டதும் சொத்து. இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெட்டியிலே பூட்டி மாலை போடுவார் உண்டு. தெருவிலே எறிந்துவிட்டு நான் அவனில்லை என்பாரும் உண்டு. மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்திலே பிடித்து, இது எப்படி வந்தது, இதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கணக்குக் கேட்கும் கூட்டம். கடந்த ஐம்பது ஆண்டுகளாக யூதக் கலைஞர்களிலே தலைசிறந்த சிலர் அந்தக் கூட்டத்தார். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இது எளிதாக வந்த துணிவல்ல. அவர்களுக்கு முந்திய தலைமுறை, அடையாளத்தை மறைப்பதே பிழைக்கும் வழி என்று கருதியது. மார்க்கஸ் ராத்கோவிட்ஸ் என்று பிறந்தவர் மார்க் ராத்கோ ஆனார். இம்மானுவேல் ராட்னிட்ஸ்கி என்று பிறந்தவர் மான் ரே ஆனார். பெரிய மேதைகள், குறை சொல்ல நான் யார்? ஆனால் அந்தப் பெயர்மாற்றங்களுக்குப் பின்னே இருந்த அச்சத்தை மறந்துவிட முடியுமா? 1996-ல் நியூயார்க் யூத அருங்காட்சியகத்திலே ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதன் தலைப்பே ஒரு கேள்வி: "யூதத்தனம் மிகையோ?" வீட்டுக்குள்ளே காதோடு காதாக, தாழ்ந்த குரலிலே பேசப்பட்டு வந்ததை, வாசற்பலகையிலே எழுதிவைத்தார்கள்!

மிகையாக இருந்ததற்கு விலை கொடுத்தவரும் உண்டு. கிடாய் என்று ஓர் ஓவியர். அமெரிக்காவில் 1932-ல் பிறந்து, இங்கிலாந்திலே புகழ்பெற்றவர். 1989-ல், சிதறி வாழ்வோரின் கலை எது என்று ஓர் அறிக்கை நூலே எழுதினார். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று உலகங்களிலே வாழ்பவனின் ஓவியம் வேறுவிதமாகத்தான் இருக்கும் என்பது அவர் வாதம். யூதரின் தல்மூது ஏட்டைப் பார்த்திருக்கிறீர்களா? பக்கத்தின் நடுவிலே மூலம்; சுற்றிலும் உரை. மூலத்தை விட உரைக்கு இடம் அதிகம்! கிடாயும் தம் ஓவியங்களின் அருகிலே உரை எழுதி வைத்தார். 1994-ல் லண்டன் டேட் கலைக்கூடம் அவருடைய வாழ்நாள் ஓவியங்களைத் திரட்டிக் காட்டியபோது, விமரிசகர்கள் அந்த உரைகளைக் கண்டு சீறினார்கள், வித்துவச் செருக்கு என்றார்கள், வறுத்தெடுத்தார்கள். அதே ஆண்டிலே அவருடைய மனைவி, ஓவியர் சாண்ட்ரா பிஷர், திடீரென்று இறந்தார். விமரிசகர்கள்தாம் கொன்றார்கள் என்றார் கிடாய். அதை நான் ஏற்கவில்லை; துக்கம் தர்க்கம் பார்ப்பதில்லை. ஆனால் ஓவியனை ஓவியத்தோடு நில், உரை எழுதாதே என்று அதட்டியவர்கள், உரை எழுதுவதே ஒரு மக்களின் மரபு என்பதை அறிந்தா அதட்டினார்கள்? அவர் 1997-ல் லண்டனை உதறிவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ச் சேர்ந்தார். 2007-ல் மறைந்தார்.

வெளியார் எதிர்ப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். உள்ளே இருந்தும் தடை இல்லாமலில்லை. உருவம் செய்யாதே என்று பத்துக் கட்டளைகளிலே இரண்டாவது சொல்கிறது. ஆகவே யூதருக்கு ஓவியமே கிடையாது என்று அறிஞர்கள் பலர் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். எழுதியதை மண் மறுத்தது! 1932-ல் சிரியாவிலே தூரா யூரோபஸ் என்னும் இடத்தில் தோண்டினார்கள். மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த யூதத் தொழுகைக் கூடம் வெளிப்பட்டது. சுவர் முழுவதும் மனித உருவங்கள்! மோசே நிற்கிறார், தாவீது நிற்கிறார், ராணிகள் வீற்றிருக்கிறார்கள். ஆசாரம் என்று எதைச் சொல்கிறார்களோ அது எப்போதும் அப்படியே இருந்ததில்லை என்பதற்குப் பூமிக்கடியிலிருந்து சாட்சி வந்தது. புரூக்ளின் ஓவியர் ஆர்ச்சி ராண்ட், யூத மதத்தின் 613 கட்டளைகளுக்கும் கட்டளைக்கு ஒரு படமாக 613 படங்கள் தீட்டினார்; 2006-ல் முடித்தார். அதுவும் எந்தப் பாணியிலே? பெட்டிக்கடையிலே தொங்கும் சித்திரக்கதைப் பாணியிலே! பூதமும் பயில்வானும் வந்து வேத விதி சொல்கிறார்கள். சிரிப்பு வருகிறது, சிரித்துக்கொண்டே விதியைப் படிக்கத் தோன்றுகிறது.

இனி ஒரு பெண்மணியின் கதைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியவரே அவர்தான்.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலே பரோ பார்க் என்று ஒரு பேட்டை. ஆசாரம் தவறாத யூதக் குடும்பங்கள் நிறைந்தது. அங்கே 1931-ல் பிறந்தவர் ஹெலன். பதினெட்டாம் வயதிலே, 1949-ல், ரபி ஒருவருக்கு, அதாவது யூத மதகுரு ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டார். இரண்டு குழந்தைகள். குருவின் மனைவி என்றால் ஊருக்கே எடுத்துக்காட்டாக நடக்க வேண்டும். தலைமுடி மறைக்க வேண்டும். மாதவிலக்கு நாள் எண்ண வேண்டும். எண்ணி முடித்த பின் சடங்குக் குளத்திலே மூழ்கி எழ வேண்டும். தொழுகைக் கூடத்திலே பெண்கள் பகுதியிலே ஒதுங்கி அமர வேண்டும். கணவருக்குப் புற்றுநோய் கண்டது. 1961-ல் அவர் இறந்தார். முப்பது வயதிலே கைம்பெண்!

வேறொருவராக இருந்தால் மூலையிலே முடங்கியிருப்பார். இவரோ, கணவர் நோயிலே கிடந்த காலத்திலேயே புரூக்ளின் கல்லூரியிலே ஓவியம் படிக்கத் தொடங்கியிருந்தார். அவருக்குப் பாடம் சொன்னவர், கறுப்பின் மேல் கறுப்பாகத் தீட்டிப் புகழ்பெற்ற ஆட் ரைன்ஹார்ட். தகப்பன் பெயரும் வேண்டாம், கணவன் பெயரும் வேண்டாம் என்று, எபிரேயச் சாயலிலே தமக்குத் தாமே ஒரு பெயர் சூட்டிக்கொண்டார்: ஹெலன் அய்லான். 1982-ல் அணுகுண்டுப் போருக்கு எதிராக ஒரு லாரியை ஆம்புலன்ஸாக ஆக்கி, அமெரிக்காவின் அணுஆயுதத் தளங்களைச் சுற்றியுள்ள மண்ணை அள்ளித் தலையணை உறைகளிலே நிரப்பி, நோயாளியைத் தூக்கிச் செல்வதுபோல் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் மன்றத்துக்கு அருகே கொண்டுபோய் இறக்கினார். மண்ணுக்கு ஆம்புலன்ஸ்! இதைக் கேட்டு நகைத்தவர்களும் உண்டு. எனக்கு நகைப்பு வரவில்லை.

ஆனால் அவர் வாழ்நாள் வேலை பிறகுதான் தொடங்கியது. ஐம்பத்தொன்பது வயதிலே! 1990-ம் ஆண்டு, தாம் பிறந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்த மோசேயின் ஐந்து ஆகமங்களையும் மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு பக்கத்தின் மீதும் ஊடுருவித் தெரியும் மெல்லிய தாள் ஒன்றைப் பரப்பினார். இளஞ்சிவப்பு மைக்கோலை எடுத்தார். முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டே வந்தார். கொடுமை எங்கே தென்படுகிறதோ அங்கே ஒரு கோடு. பழிவாங்கல் எங்கே? கோடு. வஞ்சகம் எங்கே? கோடு. பெண்ணை இழிவுபடுத்துவது எங்கே? கோடு, கோடு, கோடு! பெண்ணின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெயரே இல்லையா? அந்த வெற்றிடத்துக்கும் ஒரு குறி. 1996-ல் முடித்தார். ஆறு ஆண்டு! "யூதத்தனம் மிகையோ?" என்ற கண்காட்சியிலே, அந்த ஏடுகள் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன.

கோடு போட அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். லேவியராகமம் 12-ம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். ஆண் குழந்தை பெற்றவளுக்குத் தீட்டு ஏழு நாள். அதன்பின் சுத்திகரிப்பு முப்பத்து மூன்று நாள். பெண் குழந்தை பெற்றவளுக்கோ பதினான்கு நாள் தீட்டு. அறுபத்தாறு நாள் சுத்திகரிப்பு! அதே வயிறு, அதே வலி, அதே இரத்தம். பிறந்தது பெண் என்றால் தீட்டு இரட்டிப்பு! எண்ணாகமம் 5-ம் அதிகாரத்துக்குப் போங்கள். மனைவிமேல் கணவனுக்குச் சந்தேகம் வந்தால் போதும், சாட்சி வேண்டியதில்லை. அவளைக் குருவின் முன் நிறுத்தி, கசப்பு நீரைக் குடிக்கச் சொல்லிச் சோதிக்கலாம். கணவன்மேல் மனைவிக்குச் சந்தேகம் வந்தால்? அதற்கு அதிகாரம் எழுதவில்லை.

அவர் அந்த வேலைக்கு வைத்த பெயரைக் கவனியுங்கள்: "கடவுளின் விடுதலை". கடவுளிடமிருந்து விடுதலை என்றல்ல, கடவுளுக்கு விடுதலை! இத்தனை கொடுமையையும் கடவுள் சொல்லியிருக்க மாட்டார். ஆண்கள் எழுதி, கடவுள் வாயிலே திணித்துவிட்டார்கள். அந்தத் திணிப்பிலிருந்து அவரை விடுவிக்கிறேன் என்றார் அந்த ரபியின் மனைவி. கடவுள் உண்டா இல்லையா என்ற வாதம் தனி. அதற்குள் நான் இப்போது போகவில்லை. ஆனால் அவருடைய வழக்கின் நுட்பத்தைப் பாருங்கள். நீ மதத்துரோகி என்று சொல்ல வந்தவர்களிடம், நான் உங்கள் கடவுளுக்காக வாதாடும் வக்கீல் என்று சொல்லி நிற்கிறார்! பக்தியுள்ள யூதர்கள் கடவுள் பெயரை முழுமையாக எழுத அஞ்சி நடுவிலே ஒரு சிறு கோடிட்டு எழுதுவார்கள். அந்தக் கோட்டையும் அய்லான் இளஞ்சிவப்பாக்கினார்.

இன்னொன்று. அவர் ஏட்டைக் கிழிக்கவில்லை. தீ வைக்கவில்லை. ஏட்டின் மீது நேராக மை படவும் விடவில்லை. மேலே விரித்த தாளிலேதான் கோடு. தாளை நீக்கினால் ஏடு பழையபடியே இருக்கும். படித்தவர்கள் தலையிலேதான் கோடு நீங்காது. கோபக்காரர்கள் சிலர் இதைப் போதாத துணிவு என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எரிப்பதற்கு ஒரு நிமிடம் போதும். வரிவரியாகப் படித்துக் கணக்கெழுத ஆறு ஆண்டு வேண்டும். ஆகமத்தை அவரளவு கவனமாகப் படித்த ஆசாரவாதிகள் எத்தனை பேர்?

தல்மூது ஏட்டிலே நடுவில் மூலம், சுற்றிலும் உரை என்று சொன்னேனல்லவா? உரைகளிலே முதன்மையானது ராஷி எழுதியது. பதினோராம் நூற்றாண்டிலே பிரான்சு நாட்டிலே வாழ்ந்தவர். அடுத்த நூற்றாண்டிலே மைமோனிடிஸ் வந்தார், சட்டத்தையெல்லாம் தொகுத்தார். இருவரும் மணமானவர்கள். இருவர் வீட்டிலும் சமைத்த, விளக்கேற்றிய, பிள்ளை வளர்த்த பெண்கள் ஏதேனும் சிந்தித்திருக்க மாட்டார்களா? சொல்லியிருக்க மாட்டார்களா? 1998-ல் அய்லான் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகங்களை வரிசையாகப் பரப்பி வைத்தார். எல்லாம் வெற்றுப் பக்கங்கள். ஒரு சொல் கூட இல்லை. ராஷியின் மனைவிக்கும் மைமோனிடிஸின் மனைவிக்கும் காணிக்கை என்று அறிவித்தார்.

2020 ஏப்ரல் 6-ம் நாள், நியூயார்க் நகரம் கொரோனாவிலே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது, அந்த நோய்க்கே அய்லானும் பலியானார். வயது எண்பத்தொன்பது.

அய்லானை மதம் தள்ளிவைத்துப் பார்க்கலாம். ஆனால் அவர் யூதர்தானா என்று யாரும் கேட்டதில்லை. அந்தக் கேள்வியையே எதிர்கொண்ட ஒரு மக்கள் இந்தியாவிலே இருக்கிறார்கள். கொங்கணக் கரையிலே, பம்பாய்க்குத் தெற்கே, அலிபாக் பக்கத்திலே நவ்காவ் என்று ஒரு கடலோர ஊர். பன்னெடுங்காலத்துக்கு முன் அங்கே ஒரு கப்பல் உடைந்தது, ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் கரையேறினார்கள், அவர்கள் வழி வந்தவர்கள் நாங்கள் என்பது பெனே இஸ்ரேல் எனப்படும் யூதர்களின் ஐதிகம். எபிரேயம் மறந்துபோனது, மராத்தி தாய்மொழியானது. செக்காட்டுவது தொழில். ஊரார் அவர்களை 'சனிவார் தேலி' என்றார்கள். சனிக்கிழமை செக்கோட்டாத வாணியர் என்று பொருள். மொழி போயிற்று, வேதம் போயிற்று, ஓய்வுநாள் மட்டும் செக்கடியிலே பிழைத்துக்கிடந்தது! இன்றைக்கும் எலியா தீர்க்கதரிசிக்கு நேர்ந்துகொண்டு, இனிப்புச் சேர்த்த அவலும் தேங்காயும் பழமும் படைக்கிறார்கள்.

இஸ்ரேல் நாடு 1948-ல் அமைந்தது. இவர்களும் ஆயிரம் ஆயிரமாகப் போனார்கள். போன இடத்திலே வரவேற்பு எப்படி? 1960-களின் தொடக்கத்திலே அங்குள்ள தலைமை மதகுருபீடம், இவர்கள் மற்ற யூதரை மணப்பதானால் பரம்பரையை விசாரித்த பிறகே மணம் முடிக்க வேண்டும் என்றது. செக்கடியிலே ஓய்வுநாளைக் காத்தவர்களிடம் சான்று கேட்டார்கள்! போராட்டம் வெடித்தது. 1964-ல் நாடாளுமன்றம் கூடி, இவர்கள் எல்லா வகையிலும் முழுமையான யூதர்களே என்று தீர்மானம் நிறைவேற்ற வேண்டியதாயிற்று.

அந்தச் சமூகத்திலே, 1960-ல் பம்பாயிலே பிறந்தவர் சியோனா பெஞ்சமின். கத்தோலிக்கப் பள்ளியிலும் பார்சிப் பள்ளியிலும் படித்தார்; அக்கம்பக்கத்திலே இந்துக்கள், முஸ்லிம்கள்; ஜே.ஜே. கலைப்பள்ளியிலே ஓவியம். பிறகு அமெரிக்கா சென்று நியூஜெர்சியிலே குடியேறினார். இந்தியாவிலே யூதர்களா என்று அங்கே வியந்தார்கள். யூதர் என்றால் வெள்ளைத்தோல் என்று முடிவுகட்டியிருந்தவர்களுக்கு அவர் தூரிகையால் பதில் சொன்னார். தம் ஓவியத்துப் பெண்களை நீலநிறமாகத் தீட்டினார்! கண்ணனின் நீலம் என்று நமக்குத் தோன்றும். வானும் கடலும் அந்த நிறமல்லவா, எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாத நிறமல்லவா என்பது அவர் விளக்கம்.

"வீடு தேடல்" என்று அந்த வரிசைக்குப் பெயர். முகலாயச் சிற்றோவியத்தின் நுண்ணிய கோடு. அதிலே விவிலியத்துப் பெண்கள். ஒரு படத்திலே நீலப்பெண்ணுக்கு ஏழு கைகள். யூதரின் ஏழுகிளை விளக்கே பெண்ணாகி நிற்கிறது. இந்துப் பெண்தெய்வமா, யூத விளக்கா? பார்ப்பவர் கண் இரண்டுக்கும் நடுவிலே தத்தளிக்கிறது. தத்தளிக்கட்டும் என்றே தீட்டியிருக்கிறார்.

2010-11-ல் புல்பிரைட் உதவித்தொகை பெற்று அவர் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். இஸ்ரேலுக்குப் போகாமல் எஞ்சியிருந்த சில ஆயிரம் யூதர்களைத் தேடிச் சென்றார்; கிழவரையும் குமரியையும் அமரவைத்து நிழற்படம் எடுத்தார்; அந்தப் படங்களின்மேல் பொன்னும் நீலமும் கொடியும் பூவுமாகத் தீட்டி, ஒவ்வொருவர் கதையையும் முகத்தைச் சுற்றிப் பின்னினார். மூலம் நடுவிலே, உரை சுற்றிலும்! பிறகு 2016-17-ல் அதே வேலைக்காக இஸ்ரேலுக்கும் புறப்பட்டார். முழு யூதர்கள்தாம் என்று தீர்மானம் போட்டு ஒப்புக்கொள்ளப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் நாட்டுக்கு, அதே நீல வண்ணத்தை எடுத்துக்கொண்டு.